பஸ்ராவுக்குப் போன புளிமாங்காய்

அரபுக் கவிதைக்குப் பதினாறு சந்தங்கள் உண்டு. பதினாறையும் சொல்லிக் காட்ட நான் தயார். கேட்பதற்குத்தான் எங்கள் வீட்டில் ஆள் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவனுக்கு இதைவிடக் கொடிய தனிமை வேறென்ன இருக்க முடியும் என்று மனைவியிடம் கேட்டேன். "மேல் டேங்க் ரொம்பி வழியுது. மோட்டாரை நிறுத்திட்டு வந்து தனியா இருங்க" என்றாள்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போல்ட்டு, நட்டு, வாஷர் என்று வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த கை, ஓய்வுக்குப் பிறகு எண்ண ஒன்றும் கிடைக்காமல் நமநமத்தது. அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை உரையோடு ஒரு பிரதி கிடைத்தது. அசைகளை எண்ணத் தொடங்கினேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எது நடந்தாலும் என் வெண்பா ஒன்று சட்டம் போட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். மொய்க்குப் பதிலாக வெண்பா கொடுக்கிறேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மொய்யும் எழுதியிருக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மழைத் தண்ணீர் தேங்குவதைப் பற்றிக் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு மனுவையே நேரிசை வெண்பாவில் எழுதிக் கொடுத்தேன். ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. தண்ணீர் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இப்படி ஊருக்குள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தவனை அரேபியாவுக்கு அனுப்பியது என் இடுப்பு. ஓய்வூதியம் ஏறாவிட்டாலும் இடுப்பு ஏறிக்கொண்டே போனதால் பேண்ட்டைப் பிரித்துத் தைக்கப் பாய் கடைக்குப் போனேன். பாய்க்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். வியாழக்கிழமை சாயங்காலமானால் மிஷினை நிறுத்திவிட்டு, வாயால் ஒன்றை ஓதிக்கொண்டே காஜா எடுப்பார். அருகில் ஸ்டூலில், அரபிக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஹஜ்ரத் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எனக்கு அரபு தெரியாது. ஆனால் ஒரே அளவில், ஒரே இடத்தில், அடி விழுந்து விழுந்து எழுவது காதுக்குத் தெரிந்தது. எண்ணும் கை நமநமத்தது.

"பாய், இது என்ன பாட்டு?"

"பாட்டு இல்லே சார், பைத்து. புர்தா ஷரீஃப்."

எகிப்தில் 13ஆம் நூற்றாண்டில் இருந்த இமாம் பூஸிரி பாடியது. பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர், நபிகள் மீது இந்தக் கவிதையைப் பாடினார். கனவில் நபிகள் தம் போர்வையை அவர்மேல் போர்த்தினார்கள். விழித்தபோது எழுந்து நடந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஏறத்தாழ 160 பைத்துகள். எல்லாம் மீம் என்ற எழுத்தில்தான் முடியும். எல்லாம் ஒரே சந்தம், பஸீத். பாய்க்கு இதெல்லாம் ஏழெட்டு வயதில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் ஏறியது. பஸீத் என்ற பெயரே அவருக்குத் தெரியாது, ஹஜ்ரத்தான் சொன்னார். எனக்குப் பெயர் மட்டும்தான் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தச் சந்தங்களை எண்ணிப் பெயர் வைத்தவர் கலீல் இப்னு அஹ்மத். 718ஆம் ஆண்டு வாக்கில் ஓமான் பக்கம் பிறந்து, இராக்கின் பஸ்ராவில் வாழ்ந்தவர். அரபு மொழிக்கு முதல் அகராதியைத் திட்டமிட்டவரும் இவர்தான். அவருக்கு முன்பும் அரபிகள் தப்பில்லாமல்தான் பாடினார்கள். பாடிய அளவு எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கலீல் ஒருநாள் பஸ்ராவின் கன்னார் தெரு வழியே போகும்போது செம்புப் பாத்திரத்தின்மேல் சுத்தியல் விழுகிற தாளம் காதில் பட்டு, அங்கேயே இந்தச் சாத்திரம் பிறந்துவிட்டது என்பார்கள். கிரேக்கத்துப் பித்தாகரசுக்கும் கொல்லன் பட்டறை வாசலில்தான் இசைக் கணக்கு புலப்பட்டதாகக் கதை. பழங்காலத்து அறிஞர்கள் எல்லாரும் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கிறது என்று பட்டறைத் தெருவிலேயே குடியிருந்தார்கள் போலிருக்கிறது. நானும் முயன்றேன். எங்கள் தெருவில் குக்கர் விசிலும், பழைய பேப்பர்க்காரர் வண்டியின் ஒலிபெருக்கியும்தான். இரண்டிலும் யாப்பு இல்லை.

கலீல் வகுத்தது 15. பதினாறாவதை அவருடைய மாணவரின் மாணவர் அக்ஃபஷ் சேர்த்தார் என்பது மரபு. இவற்றை அளக்க எட்டே எட்டு வாய்பாட்டுச் சொற்கள். நம்மவர்கள் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று மரத்தையும் காயையும் வாய்பாடாக வைத்ததுபோல, அவர்கள் "செய்தல்" என்ற வினையின் மூன்று எழுத்துகளை வைத்து ஃபஊலுன், ஃபாஇலுன், மஃபாஈலுன், முஸ்தஃப்இலுன் என்று அடுக்கிக்கொண்டார்கள். அரபு யாப்பில் காதில் விழுவதுதான் கணக்கு. எழுதப்பட்டு ஒலிக்காத அலிஃப் தள்ளுபடி. எழுதப்படாமல் கடைசியில் ஒலிக்கும் "ன்" சேர்த்தி. அழுத்தி இரட்டித்தால் இரண்டு. ஸ்டோர் கீப்பருக்கு மிகவும் பிடித்த முறை இது: ரிஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்பதல்ல, அலமாரியில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

அந்த எட்டுச் சொற்களையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் அசை பிரித்தேன். (இங்கே ஃப என்பதை ஒற்றைக் குறிலாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆய்தத்தைத் தனியாக எண்ணி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.) ஃபஊ நிரை, லுன் நேர். நிரை நேர் புளிமா! உடம்பு சிலிர்த்துவிட்டது. ஃபாஇலுன், நேர் நிரை, கூவிளம். மஃபாஈலுன், நிரை நேர் நேர், புளிமாங்காய். முஸ்தஃப்இலுன் தேமாங்கனி. ஃபாஇலாதுன் கூவிளங்காய். முதஃபாஇலுன் புளிமாங்கனி. முஃபாஅலதுன் கருவிளங்காய். எட்டாவதான மஃப்ஊலாது மட்டும் சண்டித்தனம் செய்து, நாலசையாகி, தேமாந்தண்பூவில் போய் உட்கார்ந்தது. பாலைவனத்து யாப்பு முழுவதும் நம் தோப்புக்குள் அடங்கிவிட்டது.

அரபுக் கவிதையின் மிகக் கம்பீரமான சந்தம் தவீல். பழைய அரபுக் கவிஞர் இம்ரஉல் கைஸின் முஅல்லக்கா என்ற புகழ்பெற்ற கவிதை அதில்தான் இருக்கிறது. ஓர் அரையடிக்கு ஃபஊலுன் மஃபாஈலுன் ஃபஊலுன் மஃபாஈலுன். இதை அப்படியே சொன்னால் எனக்கு நாக்குச் சுளுக்கும். எனவே நான் என் முறையில் உருப்போட்டேன்: புளிமா, புளிமாங்காய், புளிமா, புளிமாங்காய். காலையில் வாசலில் நின்று பல் விளக்கும்போது, செடிக்குத் தண்ணீர் விடும்போது, ராத்திரி படுக்கப் போகும்போது, உரக்க.

எங்களுக்குக் கலியாணமான மகன் ஒருவன். மருமகள் ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எதிர்வீட்டு அம்மாள் சில நாட்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெற்றிலை பாக்கு, பூ, ஒரு சின்னப் பாட்டிலில் மாவடு சகிதம் வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா மறைக்கறீங்க? பாவம், உங்க வீட்டுக்காரரு விடியறதுக்குள்ள புளிமாங்காய்க்கு அலையறாரு. எத்தனாவது மாசம்?" என்றார்.

மருமகள் அப்போது மீட்டிங்கில் இருந்தாள். மைக் திறந்திருந்தது. அடுத்த வாரம் முழுவதும் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் அவளுக்கு வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. அந்த வாரம் எனக்குத் தனித் தட்டு, தனி அறை.

எதிர்வீட்டு அம்மாளிடம் விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. "அம்மா, அது அரபுச் செய்யுள் அலகிடுவது" என்றேன். அவர் மாவடுப் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் வாழ்த்து எதுவும் இல்லை.

நல்ல குடும்பஸ்தன் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். ஆனால் ஹஜ்ரத் அடுத்த வியாழன் இன்னொன்று சொல்லிவிட்டார். அரபு யாப்பின் கலைச்சொற்கள் எல்லாம் கூடாரத்துச் சாமான்களாம். ஒரு முழு அடிக்குப் பெயர் பைத்து, வீடு. இரண்டு அரையடிகளும் அதன் இரட்டைக் கதவுகள். ஓர் உயிர்ப்பெழுத்தும் ஓர் ஒற்றும் சேர்ந்தால் ஸபப், கயிறு. இரண்டு உயிர்ப்பும் ஓர் ஒற்றும் சேர்ந்தால் வதித், முளை. கவிஞன் எழுதும்போது அளவு கொஞ்சம் நெகிழலாம். ஆனால் அன்றாட நெகிழ்வுகள் எல்லாம் கயிற்றில்தான் நடக்கும், முளையில் நடக்காது. எவ்வளவு அழகான ஏற்பாடு! கயிற்றைத் தளர்த்தலாம், முளையைப் பிடுங்கக் கூடாது. இதைச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணில் நீர் ததும்ப விளக்கினேன்.

"மொட்டை மாடியில துணி காயப்போடக் கயிறு கட்டித் தரச் சொல்லி தீபாவளிக்கு முன்னாடி கேட்டேன்" என்றாள் மனைவி. "ஆணியும் வாங்கி வெச்சிருக்கேன். ஆணி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு."

மாடிக்குப் போனேன், உண்மையிலேயே கயிறு கட்டத்தான். ஆனால் போகும் வழியில் ஒரு சாக்பீஸ் கண்ணில் பட்டது. கலீல் தம் சந்தங்களை ஐந்து வட்டங்களில் அடைத்தார் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அது சுத்தியலைவிடப் பெரிய மூளை. ஒரு வட்டத்தின் மேல் அசைகளை எழுதிவிட்டு எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதை மாற்றினால் வேறு சந்தம் பிறக்கும். நிரை நேர், நிரை நேர் என்று எழுதி நிரையில் ஆரம்பித்தால் புளிமா, அதாவது முதகாரிப் என்ற சந்தம். அதே வட்டத்தில் ஒரு தப்படி தள்ளி நேரில் ஆரம்பித்தால் கூவிளம், முததாரிக். இன்னொரு வட்டத்தில் நிரை நேர் நேர். முதல் படியில் ஏறினால் புளிமாங்காய், ஹஸஜ். அடுத்த படியில் ஏறினால் தேமாங்கனி, ரஜஸ். அதற்கடுத்த படியில் கூவிளங்காய், ரமல். இந்த ரஜஸுக்குக் கவிஞர்களின் கழுதை என்று ஒரு பட்டப்பெயர். யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதால். இப்னு மாலிக் 13ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் முழுவதையும் ஆயிரம் அடியில் இந்தக் கழுதைமேல்தான் ஏற்றினார். மதரஸாக்களில் இன்றும் அந்த அல்ஃபிய்யாவைப் பாடம் சொல்கிறார்கள்.

மாடித் தரையில் வட்டம் போட்டு, அசைகளை எழுதி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு காலடி வைத்து நடந்தேன். நிரைக்கு நீளடி, நேருக்குக் குற்றடி. தோளில் கொடிக்கயிறு, கையில் ஆணி, வாயில் தேமாங்கனி. உச்சி வெயில். விமானப்படை முகாம் பக்கத்துச் சாலையில் போன ஜவான்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கால் பழக்கத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் அல்லவா. அணிவகுப்பில் இல்லாத ஏதோ ஒரு நடை என்று அவர்களுக்குப் பட்டிருக்கும்.

கீழே மகன் தன் அத்தைக்குப் போன் செய்துகொண்டிருந்தான். "அத்தை, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. மாடியில சுத்திச் சுத்தி நடக்கறாரு. தனக்குத் தானே பேசறாரு. ஆணி வேற கையில வெச்சிருக்காரு."

எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. ஏனென்றால் கலீலுக்கும் இதேதான் நடந்தது. அவர் ஒரு செய்யுளைத் துண்டு துண்டாக அலகிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்த மகன், தகப்பனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் போய்ச் சொன்னான். ஆட்கள் ஓடி வந்தார்கள். கலீல் மகனைத் திட்டவில்லை. நான் சொல்வது உனக்குப் புரிந்திருந்தால் என்னை மன்னித்திருப்பாய், புரியாததால் பழித்தாய், உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிவதால் நான் உன்னை மன்னித்தேன் என்ற கருத்தில் செய்யுளாகவே பதில் சொன்னார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. இதை மகனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அவரு அகராதி எழுதினாருப்பா" என்றான். "நீங்க கரண்ட் பில் கட்டலை."

கலீலின் முடிவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வேலைக்காரப் பெண் மளிகைக்காரனிடம் ஏமாறாமல் இருக்க ஓர் எளிய கணக்கு முறை கண்டுபிடிக்கிறேன் என்று அதே யோசனையில் பள்ளிவாசலுக்குள் நடந்தவர், தூணில் மோதி விழுந்தார். அதிலேயே இறந்தார் என்பார்கள். இதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "பாருங்க, அந்த மனுஷனுக்கு மளிகைக் கணக்கு மேல எவ்வளவு அக்கறை!" என்றாள் மனைவி.

வீட்டில் மதிப்பு இல்லாவிட்டால் கடையில் தேடுவதுதான் நம் ஆண்களின் வழக்கம். எனக்கோ ஒரு மகத்தான கண்டுபிடிப்பு கைவசம் இருந்தது. வெண்பாவுக்கு மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் வர வேண்டும். சந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தளை பார்த்தேன். தவீல் இடறியது: புளிமாங்காய்க்குப் பின்னால் புளிமா வந்தால் காய்முன் நிரை, கலித்தளை. ரஜஸும், புளிமாங்கனி அடுக்கிய காமில் என்ற சந்தமும் கனிச்சீர், வெண்பா வாசலிலேயே விடமாட்டார்கள். ஆனால் ரமல்? கூவிளங்காய், கூவிளங்காய், கூவிளங்காய். காய்முன் நேர்! அப்பழுக்கில்லாத வெண்சீர் வெண்டளை. முதகாரிப்? புளிமா நான்கு. மாமுன் நிரை, இயற்சீர் வெண்டளை, அதுவும் அளவடி! இதே முதகாரிபில்தான், கடைசிச் சீரை மட்டும் கொஞ்சம் நறுக்கி, பாரசீகத்தின் பிர்தௌசி ஷாநாமா முழுவதையும் பாடி 1010இல் முடித்தார். அப்படி நறுக்கியபின் மிஞ்சுவது ஃபஅல். ஒரே நிரை. நம் கணக்கில் மலர். நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பாவுக்கு முற்றுப்புள்ளி வைக்கிறோமே, அந்த மலர்! ஈற்றடி முச்சீராக இல்லாமல் நாற்சீராக இருக்கிறதே என்று கேட்பவர்கள் அழகை ரசிக்கத் தெரியாதவர்கள்.

எனக்குள் ஒரு கனவும் முளைத்திருந்தது. திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில் கட்டிய ஆண்டைக் குறிக்கும் செய்யுள் பொறித்திருக்கிறதே, அதை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத் என்ற இந்து. பாரசீகச் செய்யுளும் கலீல் வகுத்த யாப்பின் வழியில் நடப்பதுதான். நவாப் தர்பாரில் ஒரு மக்கன் லால் என்றால், ஆவடி பக்கத்திலிருந்து ஒருவன் ஏன் இருக்கக் கூடாது? கல்லில் வேண்டாம், பாய் கடை போர்டில் போட்டால்கூடப் போதும்.

வியாழக்கிழமை ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றார். "அப்ப புர்தாவுல ஒரு அரையடியைப் புளிமாங்காய்ல சொல்லுங்க."

புர்தாவின் பஸீதில் ஓர் அரையடி முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன் முஸ்தஃப்இலுன் என்று வந்து, ஃபஇலுன் என்று முடியும். நான் சொன்னேன்: தேமாங்கனி, கூவிளம், தேமாங்கனி, புளிமா. சொன்னதோடு விடாமல் அந்த அளவில் இழுத்து ஓதியும் காட்டினேன்.

காஜா எடுத்துக்கொண்டிருந்த பாய் தலை நிமிராமலே சொன்னார்: "கடைசியில ஓடணும் சார். நீங்க நிக்கறீங்க."

"எங்கே நிற்கிறேன்?"

"அதான், புளி... அப்புறம் என்னமோ சொன்னீங்களே, அங்க."

மீண்டும் சொன்னேன். மீண்டும் "நிக்கறீங்க" என்றார். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். பிறகு விரலால் மேஜையில் தட்டி விளக்கினார். ஃபஊலுன் என்பதில் குறில், நெடில், அப்புறம் மூடிய அசை. ஃபஇலுன் என்பதில் குறில், குறில், அப்புறம் மூடிய அசை. அரபுக் காதுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். தமிழ்க் கணக்கில் குறிலிணையும் நிரை, குறில்நெடிலும் நிரை. இரண்டும் ஒரே புளிமா. என் தோப்பில் இரண்டு வேறு மரங்களுக்கு ஒரே பெயர்ப்பலகை மாட்டியிருந்தேன். ஸ்டோரில் இப்படி இரண்டு அளவு வாஷரை ஒரே டப்பாவில் போட்டிருந்தால் ஆடிட் வந்தபோது வேலையே போயிருக்கும்.

விட்டுக்கொடுக்க முடியுமா? "தமிழுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று நினைக்காதீர்கள்" என்று சண்டைக்கு நின்றேன். "எங்கள் வண்ணப் பாடலில் தன வேறு, தான வேறு, தந்த வேறு. அருணகிரிநாதர் திருப்புகழில் ஒரு குறில் நெடிலாகிவிட்டால் சந்தம் கவிழ்ந்துவிடும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் ஹஜ்ரத். "எங்க காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் பேர்ல திருப்புகழ் பாடியிருக்கார், அதே சந்தத்துல. உங்க வெண்பாவை இங்க கொண்டு வராதீங்க. திருப்புகழைக் கொண்டு வாங்க. அது பக்கத்து வீடு."

சண்டைக்குப் போய் ஆதரவு வாங்கிக்கொண்டு திரும்புவது எவ்வளவு அவமானம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் அன்று நிறையச் சொன்னார். உமறுப்புலவர் சீறாப்புராணத்தை 5027 விருத்தங்களில் தமிழ் யாப்பில் பாடினார். அதற்கான வரலாற்றுச் செய்திகளைத் தேடி அவர் போய் நின்றது சதக்கத்துல்லா அப்பா வாசலில் என்பது வழிவழிச் செய்தி. அந்த அப்பா காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து கீழக்கரையில் 1703இல் அடங்கியவர். அரபிலேயே கவி பாடியவர். வித்ரிய்யா என்ற அரபுக் கவிதைக்கு அவர் செய்த தக்மீஸ் இன்றும் ஓதப்படுகிறது. தக்மீஸ் என்றால் ஐந்தாக்குவது: பழைய கவியின் ஒவ்வொரு பைத்துக்கும் இரண்டு அரையடி இருக்கும், அதற்கு முன்னால் அதே சந்தத்தில், முதல் அரையடியின் இயைபு அமைய, மூன்று அரையடிகளைத் தாமே பாடி ஒட்ட வைப்பது. ஒட்டு தெரியக் கூடாது. நினைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. தமிழ் பேசும் ஊரில் பிறந்து, கடலுக்கு அப்பால் இருந்தவர் எழுதிய இரண்டு அரையடிக்கு முன்னால் மூன்றைச் சேர்த்து, அந்த மொழிக்காரர்கள் காதுக்கே தையல் தெரியாமல் செய்வது! பாய்கூட இந்த இடத்தில் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்; தையல் விஷயம் அல்லவா.

இதை வீட்டில் விளக்கியபோது, மாவடு சம்பவத்துக்குப் பிறகு முதல்முறையாக மருமகள் என்னோடு பேசினாள். "புரியுது மாமா. அத்தை ரெண்டு வரி பேசறதுக்கு முன்னாடி நீங்க மூணு வரி சேக்கறீங்களே, அதானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று வரி ஆகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டேன்.

ஹஜ்ரத்தை நான் விடவில்லை. வியாழன் போதாது என்று செவ்வாயும் போனேன். மின்சார ரயிலில் அவர் பட்டாபிராமுக்குப் போகிறார் என்று தெரிந்தால் நடைமேடையில் நின்றேன். நெகிழ்வுகளின் பட்டியல் வேண்டும் என்றேன். கப்ள், கப்ன், தய்ய் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எல்லாப் பெயரும் நாக்கில் நின்றது. ஓதச் சொன்னால் பாய் "நிக்கறீங்க சார்" என்றார். கடைசியில் ஒருநாள் ஹஜ்ரத் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு பைத்தை அரபிலும், எனக்காகத் தமிழ் எழுத்திலும் எழுதிக் கொடுத்தார். "இதை அலகிட்டுக் கொண்டு வாங்க. அவசரமில்லே. எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லே" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு தனிக் கனிவு இருந்தது.

அன்று ராத்திரியே முடித்துவிட்டேன். புளிமாங்காய், புளிமாங்காய், புளிமா. மறு அரையடியும் அதே. மேலோட்டமாகப் பார்த்தால் ஹஸஜ் மாதிரி தெரியும். ஆனால் நான் ஏமாறுவேனா? வாஃபிர்! உரிய வடிவம் கருவிளங்காய், கருவிளங்காய், புளிமா. கருவிளங்காயின் நடுவில் இருக்கும் குறிலிணை ஒடுங்கி ஒரே நீட்டமாகிவிட்டதால் புளிமாங்காய் ஆகியிருக்கிறது. கயிறு தளர்ந்திருக்கிறது, முளை அசையவில்லை. சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து எல்லாருக்கும் காட்டினேன்.

"அர்த்தம் என்ன?" என்றாள் மனைவி.

யாப்புப் பார்க்கிறவன் அர்த்தம் பார்ப்பதில்லை. அது வேறு இலாகா. மகன் கைபேசியில் தேடினான். ஒரு காரியம் உன்னால் முடியவில்லை என்றால் அதை விட்டுவிடு, முடிகிற காரியத்துக்குப் போ என்ற பொருளில் பழைய அரபுக் கவிஞர் ஒருவர் பாடியது என்றான். மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மகன் கீழே தள்ளிக்கொண்டே போய் மேலும் படித்தான். கலீலிடம் ஒருவன் வெகுநாள் யாப்புப் படிக்க வந்தானாம். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நேராகச் சொல்ல மனமில்லாமல் கலீல் ஒருநாள் இதே பைத்தைக் கொடுத்து அலகிடச் சொன்னார். அவன் தெரிந்த அளவுக்கு அலகிட்டுப் பார்த்தான், எழுந்து போனான், அப்புறம் வரவே இல்லை. யாப்பு ஏறாத தலைக்கு இந்த ஜாடை எப்படி ஏறியது என்று கலீலே ஆச்சரியப்பட்டாராம்.

அடுத்த வியாழக்கிழமை பாய் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே நான் வாசலில் இருந்தேன். ஹஜ்ரத் வந்ததும் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடி அடியாகப் பார்த்தார். வாஃபிரா ஹஸஜா என்ற என் அடிக்குறிப்பையும் படித்தார்.

"ஒரு தப்பும் இல்லே சார்" என்றார், மிகவும் சோர்ந்த குரலில்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், உங்களுக்குக் காஜா எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

"பட்டன் தைக்க?"

"அது தெரியும்."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கூடை நிறைய ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டைகளை இழுத்து என் காலடியில் வைத்தார். "ஜூன் வருது. உக்காருங்க."